இறக்கத்தில் அரை நொடி

புது வண்டிகள் மலை ஏற மறுத்துவிட்டன. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

மறுத்துவிட்டன என்று பேச்சுக்காகச் சொல்லவில்லை. கெண்டைமட்டம் சாலையில் முதல் பெரிய மண்சரிவு விழுந்த வருடம், மலைச்சாலை மீட்பு வாரியம் பன்னிரண்டு புதிய புல்டோசர்களை அனுப்பியது. ஆள் ஏறாத வண்டிகள். மண்ணின் ஈரத்தையும் சரிவின் சாய்வையும் தாமே அளந்து, தாமே கணக்குப் போட்டு வேலை செய்பவை. பன்னிரண்டும் சரிவின் அடிவாரம் வரை வந்தன. கணக்குப் போட்டன. நின்றுவிட்டன. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரே சிவப்பு வரி ஓடியது: அனுமதித்த அபாய அளவைத் தாண்டுகிறது. சரிவுக்கு அந்தப் பக்கம் நான்கு ஊர்கள் ஒன்பது நாள் அரிசியும் மருந்தும் இல்லாமல் கிடந்தன.

சட்டம் அப்படி. யோசிக்கத் தெரிந்த இயந்திரம் எதுவும் அந்த அளவைத் தாண்டக் கூடாது. யோசிக்கத் தெரியாத இயந்திரத்துக்கு அப்படி ஒரு சட்டம் யாரும் எழுதவில்லை. ஆகவே பழைய டோசர்களைத் தேடி எடுத்தார்கள். மூடிய கல்குவாரிகளிலிருந்தும் சர்க்கரை ஆலைகளின் பின்புறத்திலிருந்தும் லாரிகளில் வந்து இறங்கின. ஒன்றின் இருக்கையைத் துளைத்துக்கொண்டு வேப்பங்கன்று வளர்ந்திருந்தது. அறுபது எழுபது வயதான இரும்பு. கண் கிடையாது, மூளை கிடையாது, கூரை என்ற பெயரில் ஒரு தகரம். சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புச் செயின், திருப்புவதற்கு இரண்டு லீவர், காலுக்கடியில் இரண்டு பிரேக். போ என்றால் போகும். பள்ளத்துக்குள் போ என்றாலும் போகும்.

வண்டிகள் கிடைத்தன. ஓட்டத் தெரிந்த ஆட்கள்தான் கிடைக்கவில்லை. பெரும்பாலானவர்கள் செத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் என்னைப் போல் எழுபதைத் தாண்டியவர்கள்.

என் பெயர் பொன்னுரங்கம். எங்கள் வீட்டை டோசர் வீடு என்பார்கள். என் தகப்பனார் மாரப்பன் அணை கட்டிய இடத்தில் ஓட்டினார். பெரியப்பா இருவர் சுண்ணாம்புச் சுரங்கத்தில். நான் நாற்பத்தோரு வருடம் ஓட்டினேன். எங்கள் வீட்டு ஆண் யாரும் ஒரு வண்டியைக் கவிழ்த்ததில்லை. பெண் எடுக்கவும் கொடுக்கவும் வருகிறவர்கள் நிலத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைத்தான் சொல்வார்கள்.

ஆகவே வாரியத்திலிருந்து சுபாஷிணி என்ற இளம் பொறியாளர் என் வாசலுக்கு வந்து நின்றபோது நான் ஆச்சரியப்படவில்லை.

"ஐயா, உங்க கை எங்களுக்கு வேணும்" என்றாள்.

"பொண்ணு கேக்கற மாதிரி கேக்கறியேம்மா."

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். அதற்குக் கைப்பதிவு என்று பெயர். தோளிலிருந்து விரல் நுனி வரை நூல் போன்ற கம்பிகள் பின்னிய ஓர் உறையை மாட்டிக்கொண்டு நான் ஓட்ட வேண்டும். என் நரம்பு எப்போது எந்தத் தசைக்கு என்ன சொல்கிறது என்று அது எழுதிக்கொள்ளும். பிறகு அதே மாதிரி உறையை இன்னொருவன் போட்டுக்கொண்டு இருபது நாள் தூங்கினால், என் கை அவன் கைக்குள் போய்விடும்.

"நாலு வருஷத்துல கத்துக்கறதை இருபது நாள்ல வாங்கிக்கலாம் ஐயா. ஆனா ஏறினது ஏறினதுதான். நடுவுல எடுக்க முடியாது."

என்னால் மலையேற முடியாது. இடது காலில் வலு இல்லை. ஆனால் என் கை நாற்பது பேரோடு மலையேறும் என்றாள். நான் அன்றே ஒப்புக்கொண்டேன்.

அடிவாரத்தில் ஒரு பழைய குவாரியைப் பதிவுக்காகக் கொடுத்தார்கள். ஏழு வருடம் கழித்து டோசரில் ஏறினேன். முதலில் சின்ன பெட்ரோல் எஞ்சினைக் கயிறு சுற்றி இழுக்க வேண்டும். அது கத்தத் தொடங்கியதும் பெரிய எஞ்சினோடு கோத்துவிட வேண்டும். பெரியது இரண்டு தடவை இருமி, கரும்புகையைத் துப்பி, பிறகு உறுமும். அந்த உறுமல் காது வழியாக வராது. இருக்கை வழியாக முதுகெலும்பில் ஏறும். இருபத்து மூன்று டன் இரும்பு நம் தொடைக்குக் கீழே விழித்துக்கொள்வது எப்படி என்று ஏறாதவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முன்னால் மண் தள்ளும் பிளேடைத் தாழ்த்தி, மண் அதன் முகத்தில் சுருண்டு சுருண்டு எழும்போது, எழுபது வயதுக் கிழவன் என்பதை நான் மறந்துவிட்டேன்.

சுபாஷிணி கீழே நின்று திரையைப் பார்ப்பாள். மதியம் சாப்பிடும்போது கேள்வி கேட்பாள்.

"ஐயா, இறக்கத்துல இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்துல வலது லீவரை இழுக்கறீங்க. ஏன்?"

"லீவர்ங்கறது என்ன? அந்தப் பக்கத்துச் செயினுக்கும் எஞ்சினுக்கும் இருக்கற தொடுப்பை அறுத்துவிடும். சமதரையில இடது லீவரை இழுத்தா இடது செயின் நின்னுடும், வண்டி இடது பக்கம் திரும்பும். சரியா? இறக்கத்துல எஞ்சின் வண்டியைத் தள்ளறதில்லை, பிடிச்சு வெச்சிருக்கு. பிடியை அறுத்தா அந்தச் செயின் நிக்காது, ஓடும். இடது செயின் வேகமா ஓடினா வண்டி வலது பக்கம் போகும்."

"அப்ப இறக்கத்துல எப்பவும் மாத்தி இழுக்கணும்."

"எப்பவும் இல்லை. பிளேடு நிறைய மண் இருந்தா அந்த மண்ணே வண்டியைத் தடுக்கும். அப்ப இறக்கத்திலயும் எஞ்சின்தான் தள்ளுது. நேராத்தான் இழுக்கணும்."

"பிரேக் போட்டா?"

"சேத்துல பிரேக் போட்டா வண்டி மண்ணோட சேர்ந்து வழுக்கும். நேரா பாதாளம்."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "அப்ப ஒரே இடம், ஒரே சரிவு. மண்ணு இருந்தா ஒரு லீவர், இல்லைன்னா இன்னொரு லீவர். மாத்தி இழுத்தா பள்ளம். எது எப்பன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"தெரியும்" என்றேன்.

எனக்கே எப்படித் தெரியும் என்று தெரியாது.

நாற்பதாம் நாள் அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். கோடுகள். என் கையின் கோடுகள். அருவி விழுவது போல் ஓடிக்கொண்டிருந்த கோட்டில், ஆங்காங்கே சிறு இடைவெளிகள் இருந்தன.

"இது என்னன்னு பாத்தீங்களா? லீவரைத் தொடறீங்க. ஆனா உடனே இழுக்கலை. அரை நொடி சும்மா இருக்கீங்க. அப்புறம்தான் இழுக்கறீங்க. நாப்பது நாள்ல எண்ணூத்திப் பதிமூணு தடவை."

என் முகம் எப்படிப் போனதோ தெரியாது.

அந்த அரை நொடியை நான் இருபத்தாறு வருடமாக யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். நாற்பத்து நான்காவது வயதில், ஒரு சுண்ணாம்புக் குவாரியின் விளிம்பில் என் வண்டி வழுக்கி, ஒரு செயின் காற்றில் சுழல நின்றது. கவிழவில்லை. பின்னுக்கு எடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவுமில்லை. ஆனால் அன்றிலிருந்து என் கை லீவரில் பட்டதும் ஒரு கணம் நிற்கும். விரல்களுக்குள் மெல்லிய நடுக்கம் ஓடும். பக்கத்தில் ஆள் இருந்தால் அந்தக் கணத்தை மறைக்கச் செருமுவேன். எனக்குத் தொண்டைக் கோளாறு என்றுதான் சக ஆபரேட்டர்கள் கடைசி வரை நினைத்தார்கள். மாரப்பன் மகனுக்குக் கை நடுங்குகிறது என்று ஒருவனும் சொன்னதில்லை. இப்போது அது நாற்பது பேரின் கைக்குள் போகப் போகிறது. நாற்பது பேரும் மலையில் நின்று, டோசர் வீட்டுக் கைக்கு இவ்வளவு பயமா என்று சிரிக்கப் போகிறார்கள்.

"அதை எடுத்துடு" என்றேன்.

"எடுக்கலாம். கோட்டை வெட்டி ஒட்டினா போதும். ஆனா ஐயா, நான் ஒண்ணு கவனிச்சேன். இது பயம்னா எல்லா இடத்திலயும் இருக்கணும். விளிம்புல இருக்கணும், ஏத்தத்துல இருக்கணும். எண்ணூத்திப் பதிமூணும் இறக்கத்துல மட்டும்தான் இருக்கு. அந்த அரை நொடியில உங்க கை எதையோ கேக்குதுன்னு நினைக்கறேன்."

"கைக்குக் காது இருக்கா?"

"இல்லை, நான் சொல்றது..."

"அம்மா, நீ படிச்ச பொண்ணு. இது என் கை. எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? அதை எடுத்தாத்தான் கையெழுத்துப் போடுவேன். எடுக்காத பதிவு எங்கயும் இருக்கக் கூடாது. அழிச்சுட்டேன்னு எழுதிக் கொடு."

அவள் எழுதிக் கொடுத்தாள். நான் கையெழுத்திட்டேன். அந்தக் காகிதத்தை அலமாரியில் என் தகப்பனாரின் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

முதலில் கையை வாங்கியவர்களில் அருள்தாஸ் ஒருவன். கெண்டைமட்டம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற சவரிமுத்துவின் மகன். இருபத்தொன்பது வயது. அடிவாரப் பயிற்சிக் களத்தில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, கை கொடுப்பதா காலில் விழுவதா என்று தெரியாமல் பாதி குனிந்து நின்றான்.

"ஐயா, உங்க கையை வாங்கினதிலேருந்து வீட்ல எனக்கு மரியாதை. தோசையைக் கிழிக்காமத் திருப்பறேன்னு பொண்டாட்டி சொல்றா."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. "வண்டியை எடு" என்றேன்.

எடுத்தான். நான் என் வாழ்க்கையில் அப்படி ஓர் ஓட்டத்தைப் பார்த்ததில்லை. என் சொந்த ஓட்டம்தான், ஆனால் இருபத்தைந்து வயதில் நான் ஓட்டியது. பிளேடு இறங்கியது, மண் சுருண்டது, வண்டி சரிவின் முதுகில் மீன் போல் வளைந்து இறங்கியது. எங்கும் நிற்கவில்லை. எந்த இடத்திலும் கை யோசிக்கவில்லை. இறங்கி வந்தபோது அவன் கண்கள் பளபளத்தன.

"பயமே இல்லைங்கய்யா. நான் நினைக்கறதுக்குள்ள கை செஞ்சு முடிச்சுடுது. போதை மாதிரி இருக்கு."

அன்று நான் பெருமைப்பட்டேன். என் கையைப் பழுதில்லாமல் பார்த்துவிட்டேன் என்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

பதினான்கு மாதம் கழித்து, ஐப்பசி மழையில், அருள்தாஸ் வண்டியோடு போனான். காலை பத்து மணிக்கு, முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பிளேடு நிறைய மண்ணோடு இறங்கியிருக்கிறான். பாதி வழியில் ஒரு பாறை பிளேடில் மோதி, மண் முழுவதும் பக்கவாட்டில் கொட்டிவிட்டது. வண்டி இலேசாகிவிட்டது. திருப்பத்தில் மலைப் பக்கம் ஒடிக்க வேண்டும். கை, மண் இருப்பதாக நினைத்து இழுத்தது. வண்டி பள்ளத்தின் பக்கம் திரும்பியது.

வாரியத்தின் அறிக்கை நான்கு வரிதான். பதிவு செய்யப்பட்ட கை சரியாக இயங்கியது. ஆபரேட்டர் பதற்றத்தில் அதை மீறித் தவறான லீவரை இழுத்தார்.

அந்த அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு சவரிமுத்து என் வீட்டுக்கு வந்தார். மழைக்கோட்டைக் கழற்றி வெளியிலேயே உதறி மடித்து வைத்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஐயா, பதறுற புள்ளை இல்லைங்க அவன். பாம்பு கடிச்சப்பக்கூட நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன். நீங்க பெரிய மனுஷர். உங்க கை. என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். விசாரணை வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி இலேசாகும்போது எஞ்சினின் முனகல் மாறும், இருக்கையில் ஓர் அழுத்தம் குறையும். அந்த மாற்றம் உடம்பில் ஏறிக் கைக்கு வந்து சேர அரை நொடி ஆகும். இருபத்தாறு வருடமாக என் கை எதற்காக நின்றது என்று அந்த மனிதர் முன்னால் நிற்கும்போது புரிந்தது. விளிம்பில் தொங்கிய அன்று அது பயத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. கேட்கக் கற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சொன்னாள். நான் கேலி செய்தேன்.

ஆனால் நான் சொன்னது வேறு.

"எங்க கை தப்புப் பண்ணாது" என்றேன். "ரெண்டு தலைமுறையா பண்ணினதில்லை. உங்க பையனைப் பத்தித் தப்பாச் சொல்லலை. ஆனா என்னால அங்க வந்து வேற எதுவும் சொல்ல முடியாது."

அவர் அறிக்கையை ஈரம் படாமல் சட்டைக்குள் செருகினார். பிறகு மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். பேருந்து நிறுத்தம் வரை அவர் முதுகு தெரிந்தது.

அந்த வாரம் முழுவதும் நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? தூங்கினேன். வீட்டுப் பெயர் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று ஒரு நிம்மதி இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை என் மகள் திலகவதி வந்தாள். முப்பத்தெட்டு வயது. வாரியத்தின் பணிமனையில் டோசர் எஞ்சின்களைப் பிரித்துக் கோப்பவள். இருபத்திரண்டு வயதில், டோசர் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று என்னிடம் கேட்டாள். நம் வீட்டுப் பெண் செயின் வண்டியில் ஏறினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று சொல்லி மறுத்தேன். அதன் பிறகு அவள் கேட்டதில்லை.

சாப்பிட உட்கார்ந்தவள் சட்டைக் கையை மடித்தாள். முழங்கைக்கு மேல் உறை அழுத்திய தடம், புதிதாக, வரி வரியாக இருந்தது.

"என்ன இது?"

"போன மாசம் போட்டுக்கிட்டேன். லீவு எடுத்திருந்தேன்ல, அப்ப. அருள்தாஸ் எடத்துக்கு என்னைத்தான் போட்டிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை கெண்டைமட்டம் போறேன்." பிறகு, இவ்வளவு வயதான பிறகும் என் முன்னால் பேசும்போது வருகிற அந்த இறுக்கத்தோடு, "நீங்க கொடுக்கலை. வாரியம் கொடுத்துச்சு" என்றாள்.

மறுநாள் காலை அலமாரியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, சவரிமுத்து கேட்டபடி அன்று வைத்திருந்த விசாரணைக்குப் போனேன்.

வாரிய அலுவலகத்தின் இரண்டாம் மாடி. மேசைக்குப் பின்னால் தலைமைப் பொறியாளரும் இன்னும் இரண்டு அதிகாரிகளும். ஓரத்தில் சுபாஷிணி. சுவரோரம் ஒரு நாற்காலியில் சவரிமுத்து. நான் நின்றுகொண்டே பேசினேன். என் கை நடுங்குவதைச் சொன்னேன். செருமியதைச் சொன்னேன். குடும்பப் பெயருக்காக அந்த அரை நொடியை வெட்டச் சொன்னதையும், சுபாஷிணி தடுத்ததையும், அழித்ததற்கு அத்தாட்சி வாங்கியதையும் சொன்னேன். லீவரை இழுத்தது அருள்தாஸ் அல்ல, நான்தான் என்றேன். சொல்லி முடித்தபோது என் வேட்டி வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் தகப்பனார் பெயரை நான் தெருவில் போட்டு உடைத்துவிட்டேன். அதற்குரிய அமைதி அந்த அறையில் விழும் என்று எதிர்பார்த்தேன்.

தலைமைப் பொறியாளர் தேநீர் குடித்து முடித்தார்.

"உட்காருங்க ஐயா. நீங்க இவ்வளவு வருத்தப்பட வேண்டியதில்லை. அரை நொடி எடுத்த விஷயம் எங்க கோப்புலயே இருக்கு. நல்லதுதான் நடந்திருக்கு. இறக்கத்துக்கு அரை நொடின்னா, ஒரு நாளைக்கு எவ்வளவு மிச்சம்? நாப்பது பேர், பதினாலு மாசம், ஒரே ஒரு விபத்து. கைப்பதிவு இல்லாத உங்க காலத்துல எத்தனை பேர் போனாங்க?"

எனக்குப் பதில் தெரியும். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர்.

"அப்ப அந்தப் புது வண்டிக்கு மட்டும் ஏங்க அபாய அளவு?" என்று கேட்டேன்.

"அது சட்டம்" என்றார், ஏதோ மழையைப் பற்றிக் கேட்டது போல.

என் குடும்ப மானம் அந்த அறையில் ஒருவருக்கும் ஒரு பொருட்டாக இல்லை. இருபத்தாறு வருடம் நான் மறைத்ததை அவர்கள் ஒரு வரியாக ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்தவர்களில் யாருக்கும் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

அறிக்கையை மட்டும் திருத்திக் கொடுத்தார்கள். ஆபரேட்டரின் தவறு என்பதை அடித்துவிட்டு, காரணம் உறுதி செய்ய இயலவில்லை என்று எழுதினார்கள். சவரிமுத்து அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார்.

"ஏன்னு தெரியலைன்னு போட்டிருக்கீங்க. தெரிஞ்சவர் இங்கதானே நிக்கறாரு?"

தலைமைப் பொறியாளர் கோப்பை மூடினார். அவர் என்னிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"உங்க பொண்ணு என் பையன் எடத்துக்குப் போறதாக் கேள்விப்பட்டேன். அது போகாட்டி நீங்க இன்னிக்கு வந்திருப்பீங்களா ஐயா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சுபாஷிணி நடைவழியில் என் பின்னால் வந்தாள்.

"பழைய பதிவு எங்கயாவது இருக்குமாம்மா? ஒரு பிரதி?"

"அழிச்சாச்சு ஐயா. நீங்க கேட்டபடி."

"அப்ப மறுபடி எடு. இப்பவே வர்றேன்."

அவள் என் இடது கையைத் தன் கையில் எடுத்தாள். சர்க்கரை நோயில் அந்தக் கை ஒரு வருடமாக மரத்துக் கிடக்கிறது. ஒரு பேனாவின் முனையால் என் உள்ளங்கையில் கோடு போட்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோடு போட்டது எனக்குத் தெரியவில்லை.

"இதுல எடுக்க ஒண்ணும் இல்லை ஐயா" என்று மெதுவாகச் சொன்னாள்.

அன்று மாலை திலகவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"போகாதே" என்று முடித்தேன்.

"நான் போகலைன்னா இன்னொருத்தன் போவான். அவனுக்கும் உங்க கைதான். அந்தப் பக்கம் ஆயிரத்து இருநூறு பேர் இருக்காங்க. மறுபடி மண்ணு விழுந்து எட்டு நாளாச்சு. ஒரு பொம்பளைக்குப் பிரசவத்துல ரத்தம் கொண்டுபோக வழியில்லாமப் போச்சு, தெரியுமா உங்களுக்கு?"

"அரை நொடி நின்னு இழு. உனக்குள்ளயே எண்ணிக்கோ."

"பணிமனை முத்தத்துல மூணு நாளா அதைத்தான் செஞ்சு பாக்கறேன். ஒண்ணுன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள கை இழுத்துடுது. என் கையா இருந்தாத்தானே நான் சொல்றதைக் கேக்கும்?" அவள் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "பதினாறு வருஷத்துக்கு முன்னாடி நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தா அந்த அரை நொடியும் சேர்ந்து வந்திருக்கும்ப்பா. பக்கத்துல உக்காந்து பாக்கறவளுக்கு எதையும் வெட்டிக் கொடுக்க முடியாது."

எழுபத்திரண்டு வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு சரியாக அடித்ததில்லை.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். அவள் இறங்கும் இடத்துக்கு எதிர்ப்புறம், ஓடைக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, மண் இருந்தால் வலது கையையும் இலேசாகிவிட்டால் இடது கையையும் தூக்குவது. என் கையைப் பார்த்த பிறகு அவள் இழுப்பது. இழுக்க முயல்வது என்றுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிட்டார்கள். மழை விட்டிருந்தது. சரிவு முழுவதும் அறுத்துப்போட்ட இறைச்சி போல் சிவந்து கிடந்தது. பள்ளத்தின் அடியில் அருள்தாஸின் வண்டி கவிழ்ந்தபடி கிடந்தது. அதை எடுக்கவும் ஒரு வண்டி இறங்க வேண்டும் என்பதால் விட்டுவிட்டார்கள். மேலே திலகவதி ஏறி உட்கார்ந்தாள். சின்ன எஞ்சின் கத்தியது. பெரியது இருமியது. என் மரத்துப்போன உடம்பிலும் அந்த உறுமல் கால் வழியாக ஏறியது.

முதல் இறக்கம். எஞ்சின் முனகிக்கொண்டே வந்தது. மண் நிறைய இருக்கிறது. நான் வலது கையைத் தூக்கினேன். தூக்குவதற்குள் அவள் இழுத்துவிட்டாள். வண்டி மலைப் பக்கம் திரும்பியது. சரியாகத்தான் இழுத்திருந்தாள்.

இரண்டாவது இறக்கத்தில் நான் முன்கூட்டியே தயாராக இருந்தேன். அப்போதும் அவள் கை முந்தியது. ஏழாவதில் பாதி வழியில் மண் சரிந்து கொட்டியது. எஞ்சினின் முனகல் உடைந்து விசில் போல் எழுந்தது. இடது, இடது என்று கத்திக்கொண்டே கையை வீசினேன். அவள் என்னைப் பார்க்கிறாள். கண்ணால் பார்க்கிறாள், கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள், ஆனால் கை ஏற்கெனவே லீவரை இழுத்து முடித்துவிட்டது. வண்டி ஒரு முழம் பள்ளத்தின் பக்கம் போனது. அங்கே புதைந்திருந்த ஒரு மரத்தின் வேரில் செயின் ஏறி, தானாக மலைப் பக்கம் திரும்பியது. வேறு ஒன்றுமில்லை. ஒரு வேர்.

சாலையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். "டோசர் வீட்டுக் கைன்னா சும்மாவா!" என்று ஒருவன் என்னைப் பார்த்துக் கத்தினான். இன்னொருவன் எனக்குக் கும்பிடு போட்டான்.

மதியம் மூன்று மணிக்கு வேலை நின்றது. அவள் இறங்கி வந்து ஓடைக் கல்லின் மேல் உட்கார்ந்தாள். முகமெல்லாம் செம்மண். யாரோ கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை கை முந்திச்சு?" என்று கேட்டாள்.

"பதினேழு."

"எத்தனை தடவை இறங்கினேன்?"

"அதுவும் பதினேழு" என்றேன். அவளுக்குத் தெரியும்.

"நாளைக்கு மேல் திருப்பம்" என்றாள். "அது இதைவிடச் செங்குத்து."

பிறகு எழுந்து, நாளைக் காலைக்கு டீசல் ஊற்றி வைக்கும்படி ஆட்களிடம் சொல்லப் போனாள்.